எதிர்த்திசையில் போன பொங்கல் சீர்

தை பிறக்க நான்கைந்து நாள் இருக்கும்போது என் தம்பியிடமிருந்து கைப்பேசிக்குப் பணம் வந்துவிடும். கூடவே ‘பொங்கல் சீர்’ என்று ஒரு குறிப்பும் இருக்கும். பட்டுக்கோட்டைக்கு அருகில் எங்கள் ஊர்த் தென்னந்தோப்பில் நின்றபடி அவன் ஜிபேயில் அனுப்புவதும், திருச்சியில் நான் பள்ளி இடைவேளையில் அதைப் பார்ப்பதும் சில நொடிகளில் முடிந்துவிடுகின்றன. தொகையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தோப்பிலிருந்து அவனுக்கு வரும் வருமானத்தைப் பார்த்தால் அது தாராளமான பணம்தான். ஆனாலும் அதைச் சீர் என்று ஏற்றுக்கொள்ள என் மனம் ஒப்பவில்லை. சீர் இல்லை என்று ஒதுக்கவும் முடியவில்லை. சம்பளம் வாங்கும் ஒரு பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து அரிசியும் வெல்லமும் பணமும் எதற்கு வர வேண்டும், வேண்டாம் என்று சொல்லிவிடலாமே என்கிறாள் என் மகள். அவளுக்கு நான் சொல்லிவந்த பதில்கள் எதுவும் எனக்கே போதுமானவையாகத் தோன்றவில்லை. அதனால்தான் இதை எழுதிப் பார்க்கிறேன்.

தஞ்சை, திருவாரூர், புதுக்கோட்டைப் பக்கத்தில் பிறந்தவர்களுக்குப் பொங்கல் சீரைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. தெற்கே திருநெல்வேலிப் பக்கத்தில் பொங்கல்படி என்பார்கள். நான் முதலில் பார்த்த சீர் என் அப்பா தம் தங்கைக்குக் கொண்டு போனது. அத்தைக்கு வாழ்க்கைப்பட்ட ஊர் ஒரத்தநாட்டுப் பக்கம். தலைப்பொங்கலுக்குக் கும்பகோணத்துப் பித்தளைப் பானை போயிற்று என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு விவரம் தெரிந்த நாளில் பானை போவது நின்றுவிட்டது, மற்றவை நிற்கவில்லை. சைக்கிளின் நடுக்கம்பியை ஒட்டிக் கரும்புக் கட்டு, கைப்பிடியில் இஞ்சிக் கொத்தும் மஞ்சள் கொத்தும், பின்னால் வாழைத்தார், அதற்கு மேல் பச்சரிசியும் வெல்லமும் தேங்காயும் கட்டிய கோணிப்பை. கரும்பின் தோகை சக்கரத்தில் சிக்கக் கூடாது, தரையில் இழுபடவும் கூடாது. அப்பா அதை முறுக்கிச் சுருட்டி வாழைநாரால் கட்டுவார். தோகையை வெட்டிவிட்டால் சுலபமாக இருக்குமே என்று கேட்டால், மொட்டைக் கரும்பை யாராவது சீராகக் கொண்டு போவார்களா என்று கேட்பார்.

அத்தை வீட்டில் அத்தையின் மாமியார் எல்லாவற்றையும் திண்ணையில் பரப்பி வைக்கச் சொல்வார். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து பார்ப்பார்கள். எத்தனை கரும்பு, தாரில் எத்தனை சீப்பு என்று எண்ணுவார்கள். சிறுமியாக இருந்த எனக்கு அந்த எண்ணிக்கைதான் சீர் என்று தோன்றியது. அப்பா வேறொன்றை எண்ணிக்கொண்டிருந்தார் என்பது வெகுநாள் கழித்துத்தான் விளங்கிற்று. வீட்டுக்குத் திரும்பிக் கைகால் கழுவிய பிறகு அம்மாவிடம் சொல்வார்: “கழுத்துல செயினு இல்ல. கேட்டதுக்கு அறுந்து போச்சு, பத்த வைக்கக் குடுத்திருக்குன்னு சொல்லுது. அடகுலதான் இருக்கணும்.” இன்னொரு முறை, வைக்கோல் போர் பாதிதான் இருந்தது, மாட்டை விற்றுவிட்டார்கள்போல என்றார். பெண் கொடுத்த வீட்டுக்குள் அண்ணனோ தம்பியோ காரணமில்லாமல் போய் உட்கார முடியாத ஒரு காலத்தில், வருடத்துக்கு ஒருமுறை கேள்வி கேட்பார் இல்லாமல் நுழைந்து, சாப்பிட்டு, கண்ணால் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வர ஓர் உரிமையை அந்தக் கரும்புக் கட்டு கொடுத்தது. தன்னைப் பார்க்க ஆள் வருகிறது என்பதை அத்தை அறிந்திருந்தார். அத்தையின் புகுந்த வீட்டாரும் அறிந்திருந்தார்கள் என்பதுதான் இதில் இன்னும் முக்கியமானது.

2023ஆம் ஆண்டுப் பொங்கலின்போது, புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு முதியவர் கரும்புக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு, கையால் பிடிக்காமலே சைக்கிள் ஓட்டி மகள் வீட்டுக்குச் சீர் கொண்டு போகும் காட்சி எல்லாருடைய கைப்பேசிக்கும் வந்தது. எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் அதைப் பார்த்துப் பலரும் கண் கலங்கினார்கள். எனக்கும் தொண்டை அடைத்தது. கொஞ்ச நேரத்துக்குப் பிறகு நான் நினைத்துப் பார்த்தது அந்த மகளை. அப்பா வருகிற வழியைப் பார்த்துக்கொண்டு நிற்கும் ஒருத்தியின் நெஞ்சு எப்படி நிமிர்ந்திருக்கும் என்பது, பிறந்த வீட்டுச் சீருக்காக வாசலில் நின்றவர்களுக்குத் தெரியும்.

குறைக்கத் தெரிந்த வழக்கம்

பழக்கவழக்கத்தை நம் வசதிக்கு மாற்றக் கூடாது, இருக்கிறபடி விட்டுவிட வேண்டும் என்று சொல்பவர்கள் எங்கள் குடும்பத்திலேயே உண்டு. அவர்களிடம் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. சீர் எப்போது இருந்தபடி இருந்தது? அது மாறிக்கொண்டேதான் வந்திருக்கிறது. வாழ்க்கையில் ஒரு பெண்ணுக்கு ஏதேனும் ஒன்று குறைந்தால் அதைப் பார்த்துச் சீரும் தன்னைக் குறைத்துக்கொள்ளும். யாரும் அதை மாற்றம் என்று சொல்வதில்லை. முறை என்று சொல்லிவிடுகிறோம்.

என் அப்பா இறந்த ஆண்டு எங்கள் வீட்டில் பொங்கல் இல்லை. மறு ஆண்டு அம்மாவுக்குச் சீர் கொண்டு மன்னார்குடிப் பக்கத்திலிருந்து மாமா வந்தார். அம்மாவுக்கு அவர் ஒரே அண்ணன். ஒரு பொங்கலைக்கூடத் தவறவிட்டதில்லை. அரிசி, வெல்லம், கரும்பு, வாழைத்தார், பரங்கிக்காய் எல்லாம் இருந்தன. வெளிர் நீலத்தில் ஒரு நூல் புடவையும் இருந்தது. மஞ்சள் கொத்து இல்லை. குங்குமமும் பூவும் இல்லை. மாமா கல்நெஞ்சக்காரர் அல்லர். தாம்பாளத்தை அம்மாவின் முன்னால் வைத்தபோது அவர் கை நடுங்கியதை நான் பார்த்தேன். முறைப்படி எதைக் கொண்டு வரக் கூடாதோ அதை விட்டுவிட்டு, கொண்டு வரக்கூடியதை முன்பைவிட அதிகமாகக் கொண்டு வந்திருந்தார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அவருக்குச் சோறு போட்டு, பேருந்தில் ஏற்றிவிட்டு வந்து, கொல்லைப்பக்கம் போய் எங்கள் வீட்டுப் பாத்தியிலிருந்தே ஒரு மஞ்சள் செடியைக் கிழங்கோடு பிடுங்கி, மண்ணை உதறிக் கழுவித் தம்பியிடம் கொடுத்தார். பானையில் அவன்தான் கட்டினான். அம்மா தள்ளி நின்றார். முப்பது ஆண்டுகளாக அந்தப் பானையில் மஞ்சள் கட்டிய கை அது.

சித்தப்பா மகள் தன் விருப்பப்படி வேறு சாதியில் மணம் செய்துகொண்டபோது அவளுக்குச் சீரே போகவில்லை. குழந்தை பிறந்த ஆண்டு ஒரு மூட்டை அரிசியோடு சித்தப்பாவே போய் நின்றார். இரு வீட்டாரும் பேசிக்கொள்ளாமல் இருந்ததற்கு அதற்குப் பிறகு யாரும் விளக்கம் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. சீர் வந்தது, அவ்வளவுதான். இப்படி நிற்கவும் மீண்டும் தொடங்கவும் அந்த வழக்கத்துக்குத் தெரிந்தே இருந்தது.

எல்லாவற்றையும்விட ஆழமாக ஒன்று உண்டு. நிலம். தமிழ்நாட்டில் 1989இல் கொண்டுவந்த சட்டத் திருத்தம் பரம்பரைச் சொத்தில் மகனுக்கு நிகரான பங்கை மகளுக்கும் தந்தது. ஆனால் அந்த ஆண்டு மார்ச் 25க்கு முன் மணமாகிவிட்ட பெண்களை விலக்கி வைத்தது. 2005இல் நாடு முழுமைக்கும் திருத்தம் வந்தபோது மணமானவள், ஆகாதவள் என்ற பிரிவு இல்லாமல் போயிற்று. ஆனால் 2004 டிசம்பர் 20க்கு முன்பே பதிவாகிவிட்ட பாகப்பிரிவினைகளை அது தொடவில்லை. திருத்தம் நடைமுறைக்கு வந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை, அது மகளுக்குப் பிறப்பால் வரும் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்ட்டில் தெளிவாக்கியது. அத்தை இவை எல்லாவற்றுக்கும் முன்னால் கட்டிக்கொடுக்கப்பட்டவர்; அப்பாவும் சித்தப்பாவும் நிலத்தைப் பிரித்துப் பதிவு செய்தபோது அவர் பெயர் அதில் வரவே இல்லை. திண்ணையில் சாய்த்து வைத்த கரும்பைக் காட்டி அவர் ஒருமுறை என்னிடம் சொன்னார்: “எனக்குப் பொறந்த வீட்டுல இருக்கிற நெலம், இந்தக் கரும்பு நிக்கிற எடந்தான்.” கோபமாகச் சொல்லவில்லை. அப்பாவின் மேல் அவருக்கு உயிர். ஆயினும் சீரையும் நிலத்தையும் அவர் ஒரே கணக்கில்தான் வைத்திருந்தார். பங்கு கேட்டால் சீர் நின்றுபோகும், பிறந்த வீட்டு வாசல் அடைபடும் என்ற பயத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பெண்கள் ஊருக்குப் பத்துப் பேராவது இருப்பார்கள். என் மகள் சீரை வெறுப்பதற்கு இது ஒரு காரணம். அந்தக் காரணத்தை என்னால் மறுக்க முடியாது.

கஜாவுக்குப் பிறகு வந்த தை

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையேறி மேற்கே போனது. வழியில் பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாட்டுப் பகுதிகளில் லட்சக்கணக்கான தென்னைகள் விழுந்தன. எங்கள் தோப்பில் நின்றவற்றை எண்ணிவிடலாம் என்று தம்பி சொன்னான். அப்பா குழி வெட்டி, தண்ணீர் சுமந்து வைத்த மரங்கள் அவை. நெட்டை ரகத்தை இன்று நட்டால் காய்ப்புக்கு வர ஆறேழு ஆண்டுகள் ஆகும். வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. சாய்ந்த மரங்களை அறுக்க ஆளும் கிடைக்கவில்லை, அறுத்ததை வாங்க ஆளும் வரவில்லை. டிசம்பர் கடைசியில் தொலைபேசியில் பேசும்போது தம்பி தயங்கித் தயங்கிச் சொன்னான்: “அக்கா, இந்த வருஷம் சீரோட வர முடியுமான்னு தெரியல.” அவன் சீரில் பெருமையே தேங்காய்தான். அப்பா இல்லாமல் போனபின் அவன்தான் கொண்டு வந்துகொண்டிருந்தான். எங்கள் தோப்புக் காயில் ஒரு மூட்டை எப்போதும் இருக்கும், என் தெருவில் எல்லாருக்கும் அதில் இரண்டு போகும்.

நான் போகலாம் என்று முடிவு செய்தேன். காந்தி மார்க்கெட்டில் மஞ்சள் கொத்தும் இஞ்சிக் கொத்தும் வாங்கினேன். கல்லணை சாலையில் திருவளர்சோலைக்குப் போய் வயலிலிருந்து வெட்டி வந்த கரும்பில் ஒரு கட்டு வாங்கினோம். அரிசி, வெல்லம், வாழைத்தார், அம்மாவுக்கும் தம்பி மனைவிக்கும் புடவை. கடைசியாக ஒரு மூட்டைத் தேங்காய். பட்டுக்கோட்டைப் பக்கத்துக்குத் தேங்காய் வாங்கிக்கொண்டு போகும் நாள் வரும் என்று எந்தப் பிறவியிலும் நினைத்திருக்க மாட்டேன். கடைக்காரர் எந்த ஊருக்கு என்று கேட்டார்; ஊரைச் சொன்னதும் பேசாமல் மேலே நான்கு காயைப் போட்டார். என் மாமியார்தான் கலங்கிப் போனார். பெண் பிறந்த வீட்டுக்குச் சீர் கொண்டு போவது அந்த வீட்டுக்கே ஆகாது, உதவி செய்வதானால் பணமாக யாருக்கும் தெரியாமல் கொடுத்துவிட்டு வா என்றார். அவர் சொன்னதில் அன்பு இருந்தது. ஆனால் யாருக்கும் தெரியாமல் கொடுப்பதுதான் தம்பியை இன்னும் சிறுமைப்படுத்தும் என்று எனக்குத் தோன்றியது. என் கணவர் கரும்பைக் காரின் மேல் கட்டினார்.

ஓட்டுக் கூரையின் மேல் தார்ப்பாய் போர்த்தியிருந்தது. வாசலில் அறுத்த மரத்துண்டுகள் அடுக்கிக் கிடந்தன. கார் நின்ற சத்தம் கேட்டு அம்மா வெளியே வந்தார். மேலே இருந்த கரும்பைப் பார்த்ததும் நின்றுவிட்டார். தம்பி கொல்லைப்பக்கம் இருந்தான். அவன் முன்னால் வரவே இல்லை. நான் மஞ்சள் கொத்தை எடுத்துக்கொண்டு படி ஏறப் போனபோது அம்மா குரலை உயர்த்தாமல் சொன்னார்: “ஏன்டி, இது எதுக்கு? கவர்மெண்டு குடுத்த ஆயிரம் ரூவாயும் கரும்பும் வாங்கியாச்சு. அது போதும். மக வீட்டுலேருந்து சீர் வாங்கிப் பொங்க வைக்கிற நெலம எனக்கு இன்னும் வரல.” அந்த ஆண்டு ரேஷன் கடையில் பச்சரிசி, சர்க்கரை, கரும்புத் துண்டு, முந்திரி, திராட்சையோடு 1,000 ரூபாயும் கொடுத்தார்கள். அரசாங்கத்திடம் கை நீட்டுவதில் அம்மாவுக்குக் கூச்சம் இருக்கவில்லை, மகளிடம் இருந்தது. பெண்ணைக் கொடுத்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிய தலைமுறையில் வளர்ந்தவர் அவர். நான் வாசற்படியில் ஒரு காலை வைத்தபடி நின்றேன். திரும்பிப் போனால் இனி அந்த வீட்டுக்கும் எனக்கும் நடுவில் ஏதோ ஒன்று சரியாகாது என்று பயமாக இருந்தது. உள்ளே போனால் அம்மாவின் மானத்தை மிதித்துப் போனதாகும்.

அப்போதுதான் தம்பி மனைவி சமையற்கட்டிலிருந்து வந்தாள். அவள் பிறந்த ஊர் வேதாரண்யத்துக்கு அருகில். புயல் முதலில் ஏறி வந்த மண். அவள் அண்ணன் வீட்டில் சுவர் மட்டுமே மிச்சம் என்பதை நாங்கள் எல்லாரும் அறிந்திருந்தோம். எங்கள் வீட்டுத் துயரத்தில், அவளுக்கும் அந்த ஆண்டு சீர் வராது என்பதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. அவள் என் கையிலிருந்த மஞ்சள் கொத்தை வாங்கிக்கொண்டாள். “அண்ணி, எங்க வீட்டுலேருந்து இந்த வருஷம் யாரும் வரப் போறதில்ல. எனக்குக் கூடப் பொறந்த அக்காவும் கெடையாது. இது நீங்க எனக்குக் கொண்டாந்ததா இருக்கட்டும்” என்றாள். பிறகு அம்மாவின் பக்கம் திரும்பினாள். “அத்தை, இது உங்க மக வீட்டுச் சீர் இல்ல. எங்க அம்மா வீட்டுச் சீர். வந்தவங்களை வாசல்ல நிக்க வைக்காதீங்க.”

அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். முறை தெரிந்தவர் அவர். மருமகளின் பிறந்த வீட்டார் சீரோடு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டு வந்தார். பாயை எடுத்து விரித்தார். என்னைப் பெற்ற அம்மா என்னைப் பார்த்து, “வாங்க, உக்காருங்க” என்றார். என் கணவரையும் அப்படியே அழைத்தார். நான் சம்பந்தி வீட்டுக்காரியாக என் வீட்டுப் பாயில் உட்கார்ந்தேன். தம்பி வந்து காரிலிருந்து தேங்காய் மூட்டையை இறக்கித் தோளில் வைத்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல் என்னைக் கடந்து உள்ளே போனான். போகும்போது அவன் கை என் தலையில் லேசாகப் பட்டது.

அந்த அரைமணி நேரத்தைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். அவள் எந்த விதியையும் எதிர்க்கவில்லை. மகளிடம் வாங்கக் கூடாது என்ற விதி நின்றது. மருமகளுக்குப் பிறந்த வீட்டுச் சீர் வர வேண்டும் என்ற விதியும் நின்றது. யார் யாருக்கு என்ன உறவு என்பதை மட்டும் அவள் ஒரு பகலுக்கு மாற்றி வைத்தாள். அவளுக்குப் பிறந்த வீடாக நான் இருக்க முடியும் என்று என் மனதில் அதுவரை தோன்றியதே இல்லை. நாத்தனாரும் தம்பி மனைவியும் என்றாலே ஒரு விலகலோடு நிற்க வேண்டியவர்கள் என்றுதான் நாங்கள் இருவரும் வளர்ந்திருந்தோம். அன்றைக்கு நான் அம்மாவுக்காகவும் தம்பிக்காகவும் போனேன். எனக்கு இடம் கொடுத்தவள் அவள். குறைக்க மட்டுமே தெரிந்திருந்த ஒரு வழக்கத்தைப் பெருகவும் செய்யலாம் என்று எங்களுக்குக் காட்டியவளும் அவள்தான். மஞ்சள் கொத்தில்லாமல் வந்த சீரைப் பார்த்துத் தள்ளி நின்ற அம்மாவிடம், அந்தப் பொங்கலன்று முதல் கைப்பிடி அரிசியை நீங்கள் போடுங்கள் என்று சொல்லிப் போட வைத்ததாகப் பிறகு தம்பி சொன்னான்.

பணமாக வந்த சீர்

அடுத்த இரண்டு ஆண்டுகள் சீர் இரண்டு பக்கமும் போயிற்று. பொங்கலுக்கு முன்னால் தம்பி எனக்குக் கொண்டு வந்தான். காணும் பொங்கலன்று நான் தம்பி மனைவிக்குக் கொண்டு போனேன். 2022 ஜனவரியில் கொரோனாவின் மூன்றாம் அலை. காணும் பொங்கல் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. அன்று முழு ஊரடங்கு. வயதான அம்மாவை வைத்துக்கொண்டு பேருந்தில் போய் வர வேண்டாம் என்று நான்தான் தம்பியைத் தடுத்தேன். அப்போது முதல்முறையாகப் பணம் கைப்பேசியில் வந்தது. ஊரடங்கு போய்விட்டது, பணம் வருவது நிலைத்துவிட்டது.

இதில் நிலத்துக்கும் பங்கு உண்டா என்று நான் யோசித்தது உண்டு. புதுக் கன்று வைக்கக் கடன் வாங்கும்போது, நிலம் அவன் பெயரில் மட்டும் இருந்தால் நல்லது, அக்காவிடம் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிவிடு என்று யாரோ அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். நான் எழுதிக் கொடுக்கவில்லை. கடனுக்கு எங்கே கையெழுத்து வேண்டுமோ அங்கே நானும் போடுகிறேன், என் பெயரும் பட்டாவில் இருக்கட்டும், சாகுபடியும் பலனும் உன்னுடையவை என்றேன். அத்தையின் கரும்பு என் கண்ணை விட்டுப் போகவில்லை. அம்மாவுக்கு வருத்தம். “பங்கும் வேணும், சீரும் வேணுமா?” என்று கேட்டார். ஆமாம், இரண்டும் வேண்டும் என்றுதான் நான் இன்றைக்கும் சொல்வேன். பங்கு சட்டம் தந்தது. சீர் தம்பி தருவது. ஒன்றைக் காட்டி மற்றொன்றைப் பிடுங்கியதால்தான் அத்தை காலத்துச் சீரில் ஒரு கசப்புக் கலந்தே இருந்தது. கூட்டுப் பட்டா வந்த ஆண்டு தம்பி கொஞ்சம் ஒதுங்கியே இருந்தான். பணம் மட்டும் நாள் தவறாமல் வந்தது.

போன மார்கழியில் என் கணவருக்கு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். ஊரில் தென்னைக்கு உரம் வைக்கும் நேரம், அம்மாவுக்கும் உடம்பு சரியில்லை, எல்லாரையும் கலவரப்படுத்த வேண்டாம் என்று நாங்கள் யாருக்கும் சொல்லவில்லை. தை பிறக்கும் முன் வழக்கம்போலப் பணம் வந்தது. வழக்கம்போல நானும் கைகூப்பும் படம் ஒன்றை அனுப்பினேன். தம்பி நேரில் வந்திருந்தால் செருப்பைக் கழற்றும்போதே அவனுக்குத் தெரிந்திருக்கும். கூடத்து மேசையில் மாத்திரை அட்டைகள் பரவிக் கிடந்தன, மாடியறையிலிருந்து கட்டில் கீழே வந்திருந்தது. எங்கள் அப்பாவின் பிள்ளை அவன். கழுத்துச் சங்கிலி இல்லாததைப் பார்க்கும் கண் அவனுக்கும் உண்டு. சித்திரையில்தான் விஷயம் தெரிந்து பதறியடித்துக்கொண்டு ஓடி வந்தான். சொல்லாமல் விட்டதற்கு என்னைத் திட்டினான்.

என் மகளுக்குச் சொல்ல என்னிடம் இல்லாதிருந்த பதில் அதுதான். சீர் என்பது வந்து பார்ப்பது. அரிசி எனக்குக் கடையில் கிடைக்கும். என் வீட்டுக்குள் வந்து நின்று ஏதோ சரியில்லை என்று தெரிந்துகொள்ளக்கூடிய ஒருவன் கடையில் கிடைக்க மாட்டான். நான் தம்பியிடம் சொன்னேன்: இனிப் பணம் அனுப்பாதே, நீ வா, வெறுங்கையோடு வா. அவன் உடனே கேட்டான்: “வெறுங்கையோட எப்படிக்கா வர்றது?”

அந்தக் கேள்விக்கு நான் எதிர்பார்த்ததைவிட அதிகக் கனம் இருந்தது. தென்னைக்கும் வயலுக்கும் நடுவில் வாழும் ஓர் ஆண்பிள்ளை, அக்காவைப் பார்க்க வேண்டும்போல இருக்கிறது என்று மனைவியிடம் சொல்லிவிட்டு ஒரு நாள் வேலையை விட்டுப் பேருந்து ஏற மாட்டான். அப்படிச் சொல்ல அவனுக்கு நாம் யாரும் கற்றுத் தரவில்லை. சீர் கொண்டு போக வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்புவான். பொருள் முக்கியமில்லை, ஆள்தான் முக்கியம் என்று நான் முடிவுக்கு வந்த இடத்திலேயே, அந்த ஆளை என் வாசலுக்குக் கொண்டு வருவது பொருள்தான் என்று தெரிந்தது. கடைசியில் பேரம் பேசி முடித்தோம்: ஒரே ஒரு கரும்பு, தோகையோடு. வேறு எதுவும் கூடாது. அவன் இரண்டு தேங்காயைச் சேர்த்துக்கொள்ள அனுமதி கேட்டான். கஜாவுக்குப் பிறகு வைத்த கன்றுகளில் ஒட்டுரகம் முந்திக் காய்த்திருக்கிறது.

மகளின் தலைப்பொங்கல்

வைகாசியில் என் மகளுக்குக் கல்யாணம் ஆயிற்று. மருமகன் மலையாளி, இருவருக்கும் பெங்களூரில் வேலை. அவர்கள் வீட்டில் பொங்கல் இல்லை. வருகிற தை அவளுக்குத் தலைப்பொங்கல். பித்தளைப் பானையோடும் தாம்பாளங்களோடும் நாங்கள் அவள் அடுக்குமாடி வீட்டு மின்தூக்கியில் ஏறி வருவதை நினைத்தாலே அவளுக்குப் பதற்றமாக இருக்கிறதாம். சீர் வேண்டவே வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லிவிட்டாள். அந்த உறுதியை நான் மதிக்கிறேன். கொடுப்பவர் வீட்டையும் வாங்குபவர் வீட்டையும் பிறப்பாலேயே முடிவு செய்து வைத்த வழக்கத்துக்கு அவள் கட்டுப்பட வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன்.

ஆனால் ஆவணியில் ஒன்று நடந்தது. மருமகனின் அம்மா ஓணக்கோடி அனுப்பினார். மகளுக்குக் கசவுப் புடவை, எனக்கு ஒரு முண்டும் நேரியதும், என் கணவருக்கு வேட்டி. மகள் அன்றே அதைக் கட்டிக்கொண்டு படம் அனுப்பினாள். முகம் மலர்ந்திருந்தது. மாமியார் வீட்டிலிருந்து வந்த கோடியை வாங்கிக்கொண்ட நீ பிறந்த வீட்டுச் சீரை ஏன் தள்ளுகிறாய் என்று நான் கேட்கவில்லை. அவளே இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டாள். பொங்கலுக்கு மாமா வருவாரா என்று கேட்டாள். தாய்மாமன் வராமல் எப்படி என்றேன். நீங்கள் எல்லாரும் இங்கே வருவதைவிட நாங்கள் ஊருக்கு வருகிறோம், அம்மாச்சி வீட்டு வாசலில் பொங்கலாம், ஆனால் யாரும் எனக்கென்று தனியாகக் கொண்டு வரக் கூடாது, எல்லாரும் பானைக்குக் கொண்டு வர வேண்டும் என்றாள்.

தலைப்பொங்கலைப் புகுந்த வீட்டில் வைக்காமல் அம்மாச்சி வீட்டில் வைப்பதா என்று என் மாமியாருக்கு ஒரு குறை இருக்கிறது; அதை இன்னும் பேசித் தீர்க்கவில்லை. மற்றபடி பட்டியல் தயாராகிவிட்டது. கரும்பு தம்பி. மஞ்சளும் இஞ்சியும் தம்பி மனைவி. வேதாரண்யத்திலிருந்து அவள் அண்ணனும் குடும்பத்தோடு வருகிறார், வீட்டை இப்போது கட்டி முடித்துவிட்டார். அரிசி நான். வெல்லம் மகள். என்ன மிச்சம் இருக்கிறது, நான் எதைக் கொண்டு வரட்டும் என்று மருமகன் கேட்டாராம். அதற்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. பெண் வீட்டார் கொடுக்காமல் மாப்பிள்ளை கொண்டு வருவதற்கு எங்கள் பட்டியலில் எதுவும் இருந்ததில்லை. அம்மாவைக் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். “பானையை அவங்க கொண்டாரட்டும்” என்றார். இரண்டு படி அரிசி பொங்கும் பானையாக இருக்க வேண்டுமாம், வாய் அகலமாக இருக்க வேண்டுமாம்; பெங்களூரில் தேட வேண்டாம், வருகிற வழியில் திருச்சிப் பெரிய கடைவீதியில் என்னை உடன் அழைத்துக்கொண்டு போய்த் தட்டிப் பார்த்து வாங்கட்டும் என்று சொல்லியிருக்கிறார்.